பதினேழாம் கேள்வி

கடலூர் முதுநகரில் எங்கள் வீட்டிலிருந்து நான்கு வீடு தள்ளி இருக்கிறார் திலகவதி. வயது நாற்பத்து நான்கு. பிறந்த ஊர் பண்ருட்டி பக்கம் திருவதிகை. அந்த ஊரில் தெருவுக்கு ஒரு திலகவதி இருப்பதால் பள்ளிக்கூடத்தில் இவரை ‘மூணாவது திலகவதி’ என்றுதான் கூப்பிடுவார்களாம். கல்யாணமாகி இங்கே வந்தார். கணவர் அன்பரசுவுக்கு சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஷிப்டு வேலை. ஒரே மகள் சினேகா கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறாள்.

திலகவதி பன்னிரண்டு வருடமாக சர்வே எடுக்கிறார். வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டி, என்ன சோப்பு போடுகிறீர்கள், எந்த சீரியல் பார்க்கிறீர்கள், டீத்தூளை ஏன் மாற்றினீர்கள் என்று கேட்கிற வேலை. முதலில் கையில் தாள்கட்டு இருந்தது, பிறகு தொட்டுப் பதிவு செய்கிற டேப் கொடுத்தார்கள். மாவட்டத்தில் அவர் ஏறி இறங்காத ஊர் குறைவு. கம்மாபுரத்தில் எந்தத் தெருவில் நாய் கடிக்கும் என்றுகூட அவருக்குத் தெரியும்.

அந்த வேலைக்கு ஒரு விதி உண்டு. கேள்வியை எழுதியிருக்கிறபடியே படிக்க வேண்டும். எதிரில் இருப்பவர் என்ன சொன்னாலும் முகத்தில் ஒன்றும் தெரியக் கூடாது. தலையாட்டக் கூடாது, சிரிக்கக் கூடாது, “அப்படியா?” என்று கேட்கக் கூடாது. “சரிங்க” மட்டும் சொல்லலாம். திலகவதி இதில் கெட்டிக்காரர். பழகிப் பழகி அந்த முகம் வீட்டுக்கும் வந்துவிட்டது. “அம்மா, நீ என்கிட்டயும் சர்வே மூஞ்ச காட்டாத” என்று சினேகா கத்துவது எங்கள் வீடு வரைக்கும் கேட்கும்.

வீட்டில் அந்த முகம் தேவைப்படவும் செய்தது. அன்பரசு ஒரு கட்சிக்காரர். திலகவதியின் தம்பி பூவரசன் பண்ருட்டியில் பலாப்பழ வியாபாரி, அவர் நேர் எதிர்க் கட்சி. யார் எந்தக் கட்சி என்று சொல்ல மாட்டேன், சொன்னால் நீங்களும் ஒரு பக்கம் சாய்ந்துதான் மிச்சத்தைப் படிப்பீர்கள். அன்பரசுவுக்கு நாடுதான் முதலில், பூவரசனுக்கு மொழிதான் முதலில் என்பதை மட்டும் தெரிந்துகொண்டால் போதும். பொங்கலுக்கோ ஆடிக்கோ இருவரும் ஒன்றாக உட்கார்ந்தால் சாம்பாரில் தொடங்கும் பேச்சு பாயசத்துக்கு முன்னால் டெல்லிக்குப் போய்விடும். “நீ சொல்லுக்கா” என்பார் தம்பி. “அவளைக் கேளு மச்சான், அவ ஊரெல்லாம் சுத்துறவ” என்பார் கணவர். திலகவதி, “சரிங்க, ரசம் ஊத்தட்டா?” என்பார். அவருக்கென்று ஒரு அபிப்பிராயம் இருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது. “எனக்கே தெரியாது” என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். “காலையில ஒருத்தர் சொல்றதக் கேட்டா அது சரின்னு படுது. மத்தியானம் இன்னொருத்தர் சொல்றப்ப அதுவும் சரின்னு படுது. சாயங்காலம் டேப்ப சார்ஜ் போட்டுட்டுப் படுத்துடுவேன்.”

தேர்தலுக்கு நாலு மாதம் இருக்கும்போது ஒரு புது சர்வே வந்தது. ‘நாடும் மக்களும்’ என்று தலைப்பு. சிதம்பரத்தில் ஒரு லாட்ஜ் ஹாலில் ஒருநாள் பயிற்சி. மொத்தம் முப்பத்திரண்டு கேள்வி. விலைவாசி, வேலை, ரோடு என்றெல்லாம் போய்ப் பதினேழாம் கேள்வியில் இப்படி இருந்தது: ‘நீங்கள் உங்களை முதலில் யாராகக் கருதுகிறீர்கள்? ஒன்று, இந்தியர். இரண்டு, தமிழர். மூன்று, இரண்டும் சமமாக. நான்கு, வேறு. ஐந்து, சொல்ல விரும்பவில்லை.’

“இது யாருக்கு சார் வேணும்?” என்று திலகவதி கேட்டார்.

சூப்பர்வைசர் மணிவண்ணன் நல்ல மனிதர். “நமக்கு வேலை குடுத்தது சென்னை கம்பெனி. அவுங்களுக்கு டெல்லி கம்பெனி. அந்த டெல்லி கம்பெனிக்கு யாருன்னு எனக்கும் தெரியாதுக்கா. நாம கேட்டுட்டு வந்துடலாம்” என்றார்.

மூன்றாம் நாள் பரங்கிப்பேட்டை. வலது கைப் பக்கமாகவே நடந்து ஒவ்வொரு ஐந்தாவது வீட்டிலும் கேட்க வேண்டும் என்பது கணக்கு. அப்படித்தான் சைதுன் பீவியின் வீடு வந்தது. ஐம்பத்தெட்டு வயது, கணவர் இல்லை, மகன் ஹுமாயூன் மஸ்கட்டிலிருந்து லீவில் வந்திருந்தார். சைதுன் பீவி ஃபேனுக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார வைத்து, முதலில் குடிக்க மோர் கொடுத்தார். விலைவாசிக் கேள்விக்கு வெங்காயத்திலிருந்து பிளைட் டிக்கெட் வரை திட்டித் தீர்த்தார். பதினேழாம் கேள்விக்குச் சிரித்துவிட்டார்.

“என்னாம்மா இது? சோத்தத் தனியா கொழம்பத் தனியா வச்சிட்டு, இதுல எதும்மா நீ தின்னேன்னு கேக்குற மாதிரி இருக்கே.”

“ஏதாச்சும் ஒண்ணு சொல்லணும்மா.”

“மூணாவதப் போட்டுக்க. ரெண்டும்தான்.”

திலகவதி மூன்றைத் தொட்டார். அப்போது உள்ளேயிருந்து ஹுமாயூன் வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். எந்த ஆபீஸ், எதற்கு இந்தக் கேள்வி, பெயரும் போன் நம்பரும் எதற்கு என்று கேட்டார். திலகவதி அடையாள அட்டையைக் காட்டினார். “நான் நிஜமாவே வந்து கேட்டேனா, நானே உக்காந்து போட்டுக்கிட்டேனான்னு ஆபீஸ்லருந்து போன் பண்ணிக் கேப்பாங்க தம்பி. அதுக்குத்தான் நம்பர்.”

“அந்தக் கேள்விய இன்னொரு தடவ படிங்களேன்” என்றார் ஹுமாயூன். கையில் போன் இருந்தது. திரும்பப் படிக்கச் சொன்னால் படிக்க வேண்டும் என்பதும் விதி. திலகவதி படித்தார். அவர் படிப்பதை எடுத்த வீடியோ நாற்பது விநாடி. அதை ஹுமாயூன் சொந்தக்காரர்கள் இருக்கிற ஒரு குரூப்பில் போட்டு, ‘இது என்ன சர்வே? யாருக்காவது தெரியுமா?’ என்று மட்டும்தான் எழுதியிருந்தார். இதெல்லாம் பின்னால் தெரிய வந்தது.

மறுநாள் சாயங்காலம் அன்பரசு ஷிப்டு முடிந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் போனை நீட்டினார். திலகவதியின் முகம், திலகவதியின் குரல். மேலே சிவப்பு எழுத்தில்: ‘எச்சரிக்கை! வெளிநாட்டுப் பணத்தில் ஒரு கும்பல் வீடு வீடாக வந்து, நான் இந்தியன் இல்லை என்று மக்களைச் சொல்ல வைக்கிறது.’

“நான் யாரையும் சொல்ல வைக்கலீங்க. முதல் பதிலே இந்தியர்தான்” என்றார் திலகவதி.

“உனக்குத் தெரியாது. உன்ன வச்சு ஆடுறானுங்க.”

அவர் பேசி முடிப்பதற்குள் பண்ருட்டியிலிருந்து போன். பூவரசன். அவருக்கு வந்ததும் அதே நாற்பது விநாடிதான், எழுத்து மட்டும் வேறு: ‘உஷார்! சர்வே என்ற பெயரில் யார் யார் இந்தியர் இல்லை என்று பட்டியல் எடுக்கிறார்கள். பெயர், போன் நம்பர் கொடுக்காதீர்கள்.’

“யக்கா, எவன் உன்ன இதுல மாட்டி வுட்டான்? மாமாதான?”

“யாரும் மாட்டி வுடலடா. இது டீத்தூள் சர்வே மாதிரிதான்...”

“உனக்குத் தெரியாதுக்கா. நீ வெள்ளந்தி.”

அன்பரசு போனைப் பிடுங்கினார். “யார்ரா மாட்டி வுட்டது? அது உன் ஆளுங்க வேல மச்சான். நாட்டத் துண்டு போடுற வேல. என் பொண்டாட்டிய நடுவுல நிறுத்தியிருக்கீங்க.”

“எங்க அக்கா மூஞ்சிய ஊரு பூரா சந்தேகமாப் பாக்க வச்சது உங்க ஆளுங்க மாமா. பேசாத.”

“வைடா போன!”

இருவரும் அவருக்காகத்தான் சண்டை போட்டார்கள். அதுதான் திலகவதிக்குப் பிடிபடவில்லை. அவரைக் காப்பாற்றவே கத்தினார்கள், ஆனால் அந்த வீட்டில் என்ன நடந்தது என்று இருவரில் ஒருவரும் கேட்கவில்லை. அந்த அம்மா மோர் கொடுத்ததை, சோறு குழம்பு என்று சொன்னதைச் சொல்லலாம் என்று அவர் காத்திருந்தார். அதற்கு இடம் வரவில்லை.

வீடியோவைத் தனியாக உட்கார்ந்து பலமுறை பார்த்தாராம். பன்னிரண்டு வருடமாகப் பழகிய அந்த முகம்தான் அவருக்கே பயமாக இருந்தது. “கல்லு மாதிரி இருக்கேன்” என்று என்னிடம் சொன்னார். “ஒரு சிரிப்பு சிரிச்சிருந்தா யாரும் ஒண்ணும் எழுதியிருக்க மாட்டாங்களோ? சிரிச்சிருந்தா அதுக்கும் எதாச்சும் எழுதியிருப்பாங்களோ?”

வேலைக்குப் போக வேண்டாம் என்றார் அன்பரசு. பாதியில் விட்டால் அடுத்த வேலை கிடைக்காது என்று திலகவதி போனார். இரண்டு நாள் கழித்து சிதம்பரம் மேலவீதிப் பக்கம் ஒரு சந்து. ஐந்தாவது வீடு பழனிவேல் என்கிறவருடையது, கீழே ஹார்டுவேர் கடை. ஆணி எடை போட்டுக்கொண்டே ஒன்பது கேள்விக்குப் பதில் சொன்னவர், பத்தாவதில் நிமிர்ந்து பார்த்தார்.

“நீங்க அந்த வீடியோல வந்தவங்கதான?”

அவர் குரலில் கோபம் இல்லை. சினிமாக்காரரைப் பார்த்த சந்தோஷம்தான் இருந்தது. “ஏம்பா, இங்க வா, அவுங்க வந்துருக்காங்க” என்று பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டார். வந்தவருக்குச் சந்தோஷம் இல்லை. “எவ்ளோ குடுக்குறாங்க உனக்கு வெளிநாட்டுலருந்து?” என்றார். டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவர் கிளாஸை வைத்துவிட்டு, “வெளிநாடு இல்ல சார், லிஸ்ட் எடுக்குறாங்க, அது தெரியாதா?” என்று வந்தார். ஐந்து நிமிடத்தில் இருபது பேர். அவர் இவரைத் துரோகி என்றார், இவர் அவரை அடிமை என்றார். ஒருவர் டேப்பைப் பிடித்து இழுத்தார், இன்னொருவர் “பொம்பளை மேல கை வைக்காத” என்று அவரைத் தள்ளினார். எல்லோர் கையிலும் போன் மேலே இருந்தது. திலகவதி நடுவில் நின்றார். “நான் சொல்றேன் கேளுங்க” என்று இரண்டு முறை சொன்னார். அது அவருக்கே கேட்கவில்லை.

பழனிவேல்தான் கடைக்குள் இழுத்து ஷட்டரைப் பாதி இறக்கினார். “நான் சும்மா காட்டத்தான் கூப்ட்டேன், இப்டி ஆவும்னு நெனைக்கலம்மா” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ஒரு பெண் போலீஸ் வந்து ஆட்டோவில் ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனார். சப்-இன்ஸ்பெக்டர் அடையாள அட்டையைப் பார்த்தார், மணிவண்ணனிடம் போனில் பேசினார், தப்பு ஒன்றுமில்லை என்று எழுதிக்கொண்டார்.

“கொஞ்ச நாளைக்கு இந்தப் பக்கம் வராதீங்கம்மா.”

“நான் என்னா சார் பண்ணேன்?”

“நீங்க ஒண்ணும் பண்ணல. அதான் சொல்றேன், வராதீங்க.”

பஸ்ஸில் வரும்போது அந்தப் பதிலுக்கு என்ன அர்த்தம் என்று யோசித்துக்கொண்டே வந்ததாகச் சொன்னார்.

ஒரு வாரம் கழித்து மணிவண்ணன் கூப்பிட்டார். பரங்கிப்பேட்டையில் ஒரு பேட்டி பொருந்தவில்லை. சரிபார்க்க ஆபீஸிலிருந்து போன் பண்ணியபோது, பதினேழாம் கேள்விக்கு சைதுன் பீவி ‘இந்தியர்’ என்று சொல்லியிருக்கிறார். டேப்பில் ‘இரண்டும்’ என்று இருக்கிறது. “பத்து நிமிசம் உக்காந்து பேசுனாங்களான்னு கேட்டதுக்கு, ஞாபகம் இல்லைன்னுட்டாங்க. நீங்களே போட்டுக்கிட்டீங்கன்னு ஆபீஸ்ல சந்தேகப்படுறாங்கக்கா. எழுதிக் குடுங்க.”

பன்னிரண்டு வருடத்தில் திலகவதி போகாத வீட்டுக்குப் போனதாக ஒரு பதில்கூடப் போட்டதில்லை. மறுநாள் காலை யாரிடமும் சொல்லாமல் பரங்கிப்பேட்டைக்கு பஸ் ஏறினார். அந்தத் தெருமுனையில் இறங்கி, உள்ளே போகலாமா வேண்டாமா என்று ஒரு கடை ஓரமாக அரை மணி நேரம் நின்றாராம்.

கதவைத் திறந்த சைதுன் பீவிக்கு முகம் வெளுத்துவிட்டது. இருந்தாலும், “வாம்மா, உள்ள வந்துரு, தெருவுல நிக்காத” என்றார்.

ஹுமாயூன்தான் முதலில் பேசினார். “நான் வேணும்னு பண்ணல அக்கா. என்ன சர்வேன்னு கேட்டுத்தான் போட்டேன். குரூப்ல இருந்த யாரோ எடுத்து வேற எங்கயோ போட்டுட்டாங்க. நான் டெலிட் பண்ணப்ப ஊரெல்லாம் போயிருச்சு. எனக்கு அடுத்த வாரம் பிளைட். பாஸ்போர்ட்ல எதாச்சும் பிரச்சினை வருமான்னு எனக்கே பயமா இருக்கு.”

“போன் வந்துச்சாமே?” என்று திலகவதி சைதுன் பீவியைப் பார்த்துக் கேட்டார். “மாத்திச் சொல்லிட்டீங்களாமே?”

சைதுன் பீவி முந்தானையைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டார். “எவனோ தெரியாதவன், உங்க பேரு சைதுன் பீவிதானேன்னு ஆரம்பிச்சான். வீடியோ வெவகாரந்தான்னு பயந்துட்டேன். நீ ஃபேனுக்குக் கீழ உக்காந்து கேட்டே, மனசுல இருந்ததச் சொன்னேன். அவன் போன்ல கேட்டான், அவனுக்கு எது வேணுமோ அதச் சொன்னேன்.”

“அப்ப எதும்மா நெசம்?”

“ரெண்டும் நெசந்தான். நான் இந்தியன் இல்லேன்னா பொய் சொன்னேன்? இல்லியே. அல்லா மேல ஆணையா பொய் இல்ல.” பிறகு, “அந்த நம்பர மட்டும் எடுத்துடச் சொல்லும்மா. இன்னொரு தடவ போன் வந்தா எனக்குத் தாங்காது” என்றார்.

திலகவதி, “சரிம்மா” என்றார்.

வழியில் மணிவண்ணனுக்குப் போன் செய்தார். நம்பரை மட்டும் எடுக்க முடியாதாம். பதில் சொன்னவர் மாற்றிச் சொல்லிவிட்டார் என்று திலகவதி எழுதிக் கொடுத்தால், அந்த அம்மாவுக்கு மறுபடி ஒருமுறை போன் போகும், ஒருவேளை ஆளே நேரில் போவார். திலகவதியே போட்டுக்கொண்டார் என்று ஆனால், அந்தப் பேட்டியே அழிந்துபோகும், நம்பரும் போய்விடும். ஆனால் ஒன்று பொய் என்றால் அன்று எடுத்த பதினொன்றும் தள்ளுபடி.

“உண்மையச் சொல்லுங்கக்கா, எனக்கு உங்களத் தெரியும். நீங்க போட்டுக்கிட்டீங்களா?”

பஸ் பி.முட்லூர் தாண்டிக்கொண்டிருந்தது. திலகவதி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “ஆமா சார். நானே போட்டுட்டேன்” என்றார்.

“சரிக்கா” என்றார் மணிவண்ணன். அதோடு அந்தக் கம்பெனி வேலை போயிற்று.

இதை அவர் என்னிடம் சொன்னபோது, பெரிய மனசு உங்களுக்கு என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. “அந்தம்மாவுக்காகச் செஞ்சேனா, எனக்கே அலுத்துப்போயிச் செஞ்சேனா தெரியல. மீதி பத்துப் பேரு என்னா பாவம் பண்ணாங்க? ஒருத்தர் மீன் ஏலத்த வுட்டுட்டு வந்து உக்காந்து பதில் சொன்னாரு. ஒரு பொண்ணு, நஜியான்னு பேரு, மொத மொறையா என்கிட்ட ஒருத்தர் கருத்து கேக்குறாங்கன்னு சந்தோஷப்பட்டுச்சு. அவுங்க சொன்னதெல்லாம் நான் அழிச்சிட்டேன். ஒருத்தரக் காப்பாத்தப் போயி ஒரு தெருவையே இல்லாம பண்ணிட்டேனோ?”



வீட்டிலும் அதே கதைதான். “நம்ம பேரக் கெடுத்துக்கிட்டு அவுங்களுக்காக நீ ஏன் பொய் சொன்ன?” என்றார் அன்பரசு. பூவரசன் போனில், “சூப்பர்க்கா! லிஸ்ட்ல பதினோரு பேரக் காப்பாத்திட்ட” என்றார். லிஸ்ட்டே இல்லை என்று திலகவதி சொல்ல வாயெடுத்தார். “உனக்குத் தெரியாதுக்கா” என்று தம்பி வைத்துவிட்டார். மாமனும் மச்சானும் மூன்று மாதம் பேசிக்கொள்ளவில்லை. பொங்கலுக்கு அக்காவுக்கு வரிசை வைக்கக்கூடப் பூவரசன் வராமல் கொரியரில் அனுப்பினார். கொரியரில் வந்த கரும்பைப் பார்த்து சினேகா சிரித்தாள். திலகவதி அடுப்படியில் போய் அழுதார். தம்பி வராததற்காகவா, வேலை போனதற்காகவா, அது வெறும் புகையா என்று அப்போதும் அவருக்குத் தெளிவாக இல்லை.

தேர்தலுக்குச் சில நாள் முன்னால் அந்த சர்வே முடிவு டிவியில் வந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை. பூவரசன் ஏதோ லோடு இறக்கத் துறைமுகம் பக்கம் வந்தவர், அக்காவைப் பார்க்காமல் போக மனம் வராமல் இரண்டு பலாப்பழத்தோடு வீட்டுக்கு வந்திருந்தார். அன்பரசு “வாப்பா” என்று மட்டும் சொல்லிவிட்டு டிவியைப் பார்த்தார். திரையில் வட்டம் போட்டு, கலர் அடித்து, இத்தனை சதவீதம் இந்தியர், இத்தனை சதவீதம் தமிழர், இத்தனை சதவீதம் இரண்டும் என்று காட்டினார்கள். கோட்டு போட்ட நான்கு பேர் அதற்கு அர்த்தம் சொன்னார்கள்.

அன்பரசுவுக்கு முதல் எண் குறைவாகப் பட்டது. “சும்மா அடிச்சி வுடுறானுங்க” என்றார்.

பூவரசனுக்கு இரண்டாவது எண் குறைவாகப் பட்டது. “பின்ன என்னா மாமா? நம்மள யாராச்சும் வந்து கேட்டானா?”

“அதான? ஏசி ரூம்ல உக்காந்து போடுறது.”

“எல்லாம் ஃப்ராடு மாமா.”

மூன்று மாதத்துக்குப் பிறகு இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். அன்பரசு சேனலை மாற்றினார். “இருந்து சாப்ட்டுட்டுப் போ மச்சான், சங்கரா மீன் வாங்கியிருக்கு” என்றார். பூவரசன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

திலகவதி கதவோரம் நின்றிருந்தார். திருவதிகையில் வெயிலில் நடந்தது, அண்ணாகிராமத்தில் முந்திரித்தோப்பு நிழலில் ஒருவர் ஒரு மணி நேரம் யோசித்துப் பதில் சொன்னது, ஒவ்வொரு ஐந்தாவது வீடு, எல்லாம் அந்த வட்டத்துக்குள் இருந்தன, பரங்கிப்பேட்டைத் தெரு ஒன்றைத் தவிர. தான் எடுத்ததெல்லாம் நிஜம் என்று சொல்லலாமா என்று நினைத்தார். சொன்னால், இப்போதுதான் சேர்ந்த இருவரும் மறுபடி பிரிவார்களோ என்றும் நினைத்தார். சினேகாவைப் பார்த்து மெதுவாக, “நீயும் ஃப்ராடுன்னுதான் நெனைக்கிறியா?” என்று கேட்டார்.

சினேகா போனிலிருந்து தலையை எடுக்கவில்லை. “எதும்மா?” என்றாள்.

திலகவதி பலாப்பழத்தை அறுக்கக் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பின்கட்டுக்குப் போனார்.